உலகம்மாள் எடுக்காத ஆரத்தி

16-1-98, வெள்ளி

ஆழ்வார்குறிச்சியில் மகளுக்குப் பொங்கல் சீர் கொடுத்துவிட்டு வந்தோம். போகவும் வரவும் காரை நானேதான் ஓட்டினேன். ஆடி மாதம் வலக் கை வாதத்தில் விழுந்தபோது, இனி ஸ்டீயரிங்கைத் தொடவே மாட்டேன் என்று நினைத்திருந்தேன். கை தேறியதும் டாக்டர் சம்மதம் கொடுத்தார். பழைய காரைத் தள்ளிவிட்டு, சுண்டுவிரலால் திருப்பலாம் என்றார்களே என்று இந்தப் பவர் ஸ்டீயரிங் வண்டியை செகண்ட் ஹாண்டில் வாங்கினேன்.

விஜயஸ்ரீக்கு ஏழாம் மாதம். தை முடியுமுன் வளைகாப்பு. அன்றே நம் வீட்டுக்கு அழைத்து வருகிறோம். "வாடகைக் காரெல்லாம் வேண்டாம்ப்பா. நீங்கதான் ஓட்டிட்டு வரணும்" என்றாள். எனக்கும் அதுதான் ஆசை.

இறங்கினதும் இறங்காததுமாக வீட்டுக்காரி உலகம்மாள் காருக்கு ஆரத்தி சுற்றி, முன்சக்கரத்துப் பக்கம் ஊற்றினாள். வாங்கிய நாளிலிருந்து வெள்ளி தவறுவதில்லை. போர்டிகோ தரை சிவந்தே கிடக்கிறது. கண் பட்டுவிடுமாம். இந்த வழுக்கைத் தலைமேல் யார் கண் வைக்கப் போகிறார்கள்?

20-1-98

வண்ணார்பேட்டையில் பஸ்ஸுக்கு ஒதுங்கத் திருப்பினால் ஸ்டீயரிங் கனத்தது. திருப்பத்தில் வண்டி வேறு முனகுகிறது. பவர் ஸ்டீயரிங் முனகும் போல. எனக்கு இது புதுப் பழக்கம். ஆனால் அந்தக் கனம்? கையாக இருக்குமோ?

செவ்வாய்க்கிழமையும் ஆரத்தி எடுக்கிறாள். வெள்ளி போதாதா என்றேன். "பேசாம நில்லுங்க" என்றாள்.

27-1-98

கைதான். நாளுக்கு நாள் கனம் கூடுகிறது.

கிணற்றில் தண்ணீர் இறைத்துப் பார்த்தேன். இறைக்க முடிகிறது. துருப்பிடித்த பூட்டைத் திறந்து பார்த்தேன். திறக்கிறது. காரில் உட்கார்ந்தால் மட்டும் கை சவலைப் பிள்ளை ஆகிவிடுகிறது. இது என்ன வியாதி?

எதிர்வீட்டு ஐயம்பெருமாள் பார்த்துவிட்டார். "என்னவே, நாதஸ்வரக்காரன் மாதிரி வெரல மடக்கி மடக்கிப் பாக்கீரு?" குளிருக்கு என்று சமாளித்தேன்.

30-1-98

இன்று காரை எடுக்கவில்லை. தேர்தல் ஜீப் தொல்லை என்று உலகம்மாளிடம் சொன்னேன். பொய்.

2-2-98, திங்கள்

வளைகாப்பு வேலைகளுக்காக உலகம்மாள் பஸ்ஸில் ஆழ்வார்குறிச்சிக்குப் போயிருக்கிறாள். காரில் கொண்டுவிடட்டுமா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை — ஏன் சொல்லவில்லை?

டாக்டரிடம் போகப் பயம். ஓட்டாதே என்று சொல்லிவிடுவார். பிள்ளைத்தாச்சியை ஏற்றிக்கொண்டு வரும்போது பாதி வழியில் கை நின்றுபோனால் — வேண்டாம். வாடகைக் காருக்குச் சொல்லிவிட்டேன். விஜியிடம் என்ன சொல்ல? நெல்லையப்பா, இந்த ஒரு தடவ பிள்ளைய நான் கூட்டிட்டு வர விடப்பிடாதா? ஒனக்கு என்னய்யா கொறஞ்சு போச்சு?

6-2-98, வெள்ளி

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. முறையாக எழுதுகிறேன்.

நேற்று மனது கேட்காமல் காரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து நிறுத்தினேன். அதே கனம். இன்று காலை ஊரிலிருந்து வந்த உலகம்மாள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. போர்டிகோவிலிருந்தே சத்தம்.

"இங்க வாங்க. நான் இல்லாத வீட்டுல எவ வந்து ஆரத்தி எடுத்தா?"

"ஒருத்தியும் வரலையே."

"அப்ப இது என்ன? இன்னும் ஈரம் காயல. எவளுன்னு கேக்கேன்!"

முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் பளபளவென்று சிவப்பு. நான் தினமும் தாண்டிப் போகிற அதே சிவப்புதான். கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு சந்தேகம் என்மேல் வந்ததில்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அவள் குனிந்து தொட்டு, மோந்து பார்த்தாள். "மஞ்சளும் சுண்ணாம்பும் இப்படி வழுக்குமா? எண்ணெய்லா இது!"

மெக்கானிக் வில்சனைக் கூப்பிட்டு வந்தேன். பானட்டைத் திறந்து பார்த்தவர், "ஸ்டீயரிங் ஆயிலு அண்ணாச்சி. செவப்பாத்தான் இருக்கும். குழாய்ல கிளிப்பு தளந்து பைய ஒழுகியிருக்கு. டப்பா காலியாக் கெடக்கு. இப்படி இருந்தா பயில்வானுக்கே திருப்ப கஷ்டம்லா" என்றார். கிளிப்பை மாற்றி, புது ஆயில் ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு, குழாயில் புகுந்த காற்றுப் போக ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் திருப்பச் சொன்னார். திருப்பினேன். சுண்டுவிரல் போதும்! முனகலும் போயே போய்விட்டது.

"அப்ப கை?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

"எந்தக் கை அண்ணாச்சி?" என்றார் வில்சன்.

உலகம்மாள் எந்தக் கை என்று கேட்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பின்னாலேயே போனேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வருகிறது அவளுக்கு.

"வளைவுல நீங்க பல்லக் கடிக்கதப் பாத்துட்டுத்தான் செவ்வாக்கெழமையும் ஆரத்தி எடுத்தேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?"

"நீங்க சொன்னீங்களாக்கும்?"

ஆயில் ஒழுக ஒழுக எனக்குக் கை கனத்தது. எனக்குக் கனக்கக் கனக்க அவள் ஆரத்தி ஊற்றினாள். அவள் ஊற்றிய சிவப்பில் ஒழுகின சிவப்பை எவன் கண்டான்? நல்ல குடும்பம்.

8-2-98

வாடகைக் காரை வேண்டாம் என்று சொல்லியாயிற்று. வண்டிக்கு அடியில் விரித்த செய்தித்தாள் காய்ந்தே இருக்கிறது. ஆரத்தி ஊற்ற முருங்கை மரத்தடியை ஒதுக்கிக் கொடுத்திருக்கிறேன்.

11-2-98, புதன்

வளைகாப்பு நன்றாக முடிந்தது. விஜிக்கு முழங்கை வரை வளையல். பின்சீட்டில் அம்மாவும் மகளும். கல்லிடைக்குறிச்சியில் நிறுத்தச் சொல்லி அப்பளம் வாங்கினார்கள். வீரவநல்லூர் வரை இரண்டு பேரும் ஓயாத பேச்சு. "பைய போங்க" என்று எனக்கு உத்தரவு வேறு. சேரன்மகாதேவி தாண்டியதும் பேச்சு நின்றது, வளையல் சத்தமும் நின்றது. கண்ணாடியில் பார்த்தேன். விஜி அம்மா தோளில் சாய்ந்து தூங்குகிறாள். போன மாதமெல்லாம் கதவைப் பிடித்துக்கொண்டே வந்த உலகம்மாளும் வாயைத் திறந்துகொண்டு நல்ல தூக்கம்.

வண்ணார்பேட்டை வந்து வண்டியை நிறுத்திய பிறகுதான் இரண்டு பேரையும் தட்டி எழுப்பினேன். வலக் கையால்தான்.