கோட்டை வாசலில் நான் கேட்டது

கொழும்பு, 2009 ஜூன்

அன்பின் உம்மாவுக்கு ஸலாம். அல்லாவுக்காக இதை வாப்பாவுக்கும் காட்ட வேண்டாம். மூட்டுவலி குறைந்ததா? நான் சுகம். போர்வைக்குள் டோர்ச் வைத்து எழுதுகிறேன்.

விடுதியில் நாலு பேர் ஒரு கதை விளையாட்டு விளையாடுகிறோம். கதையை நடத்துவது நான். மற்றவர்கள் இளவரசி, வைத்தியர் என்று ஆளாக மாறிக் கதைப்பார்கள். சண்டை குறைவு, கதைத்தே கோட்டைக்குள் போக வேண்டும். லூடோக் கட்டை எப்போதாவதுதான் உருட்டுவோம், சூது இல்லை உம்மா.

நேற்று நான் வாயிற்காவலன். சிரிப்புக்காக, செக்பொயின்டில் நிற்கிற ஆமிக்காரன் மாதிரிக் குரலை மாற்றி, “ஐடென்டிட்டி எங்க? எந்த ஊர்? இங்க என்ன வேலை?” என்றேன்.

“அப்படியே இருக்கு புள்ள!” என்று வைத்தியராக இருந்த றாஹிலா கைதட்டினாள்.

இளவரசியாக இருந்த கிருசிகா, “பாண்டிருப்பு, சேர். கடையில வேலை, சேர்,” என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

கொழும்பில் கடையில் வேலைக்கு நின்ற அவளுடைய அண்ணனைப் போன வருடம் செக்பொயின்டில் மறித்துக் கொண்டுபோனார்கள். இன்னும் வரவில்லை. அது எனக்குத் தெரியும் உம்மா. தெரிந்தும் கேட்டேன்.

முறுக்கு அனுப்பினால் அவளுக்கும் சேர்த்து அனுப்புங்கள். என் கையால் வாங்குவாளோ தெரியாது. ஆளுக்கொரு குரலில் கதைக்கிற நான் இன்று முழுக்க அவளுக்கு முகம் காட்டாமல் திரிந்தேன். என்ன சொல்வதென்று

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். “றஸ்னா, நித்திரையா?” கிருசிகாதான்