முத்துசெல்வியின் அளவு நூல்

கோவில்பட்டி,
புதன்கிழமை.

அன்புள்ள அம்மா,

யோகலட்சுமி எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். உன் முட்டிவலி குறைந்ததா? குட்டி போட்ட ஆடு தேறிவிட்டதா?

இங்கே தையல் நிலையத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடை தைக்கிறோம் அல்லவா? நேற்று சத்தியபாமா டீச்சர் நம் ஊர்ப் பட்டியலை எழுதும்போது, "ஏட்டி, உன் தங்கச்சி பள்ளிக்கூடம் போறாளா, இல்ல உன்னய மாதிரி பாதியில நின்னுட்டாளா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். "போறா டீச்சர்" என்று சொல்லிவிட்டேன். "அப்ப திங்கக்கிழமை உங்க ஊர் பள்ளிக்கூடத்துக்கே வாரேன். அவ கையிலயே குடுக்கேன்" என்றார்.

பயப்படாதே அம்மா. ஆனால் அன்று முத்துசெல்வி ஆடு மேய்க்கப் போனால் பெயரை அடித்துவிடுவார்கள். அன்று ஒருநாள் மட்டும் பள்ளிக்கு அனுப்பினால் போதாது. தினமும் போனால்தான் நான் சொன்னது பொய்யாகாது.

அவள் தோள் அகலத்தையும் உயரத்தையும் நூலில் அளந்து, முடிச்சுப் போட்டு, இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் பால் வண்டி இசக்கிராஜா அண்ணாச்சியிடமே கொடுத்துவிடு. உன் பழைய சேலை ஒன்றும் வேண்டும், போர்த்திக்கொள்ள. துவைக்காமல் அனுப்பு.

கூப்பிடுகிறார்கள், போகிறேன். முத்துசெல்விதான் இதை உனக்கு வாசித்துக் காட்டுவாள். திக்காமல் வாசித்தாளா அம்மா?

உன் மகள்,
யோகலட்சுமி