எனக்கு வேணும் என்றேன்

திங்கட்கிழமை, இரவு

எனக்கு நாற்பத்தொரு வயது. பிள்ளை வேண்டுமென்றால் இனித் தாமதிக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னதை, என் கணவர் வயலால் திரும்பி வந்து சாப்பிடும்போது சொன்னேன்.

"நமக்கு என்னத்துக்குப் புள்ள? ரெண்டு பேரும் நல்லாத்தானே இருக்கம்?"

"எனக்கு வேணும்."

கையைக் கழுவிவிட்டு வந்தார். முதல் மனைவி பிரசவத்தில் மவுத்தானதைக் கல்யாணம் பேசும்போதே சொல்லியிருந்தார். அதன் பிறகு அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. இன்றுதான் சொன்னார்:

"ஆஸ்பத்திரி வாசல்ல புள்ளச் சட்டையோட நிண்டன். தாயும் புள்ளயுமா ரெண்டு ஜனாஸா ஒண்டா வந்திச்சு. இன்னொருக்கா அங்க நிக்க எனக்கு ஏலா."

கோபமாகக் கேட்க நினைத்ததை விட்டுவிட்டு, அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ரெண்டு பேருமாப் போய் டாக்டர்ட்ட கேப்பம்" என்றேன்.

"ஓம்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

இப்போது தூங்குகிறார். எனக்கு ஆசை குறையவில்லை. அவருடைய பயம்தான் எனக்கும் வந்துவிட்டது.