சுவர் மூலையில் சம்பந்தியம்மா

அக்டோபர் 9, வியாழன்

மழை. ஊரில் பாதிப் பேருக்கு இருமல். மருந்துக்கடையில் உட்கார நேரமில்லை.

என் மகள் ஜினேவ்ரா கடைக்கே வந்து சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்கு நிச்சயமான காத்தெல்லோவின் அம்மா அடுத்த வாரம் நேப்பிள்ஸிலிருந்து வருகிறாராம், நம் வீட்டில்தான் தங்குவாராம். வசந்தத்தில் கல்யாணம், எங்கே குடித்தனம் என்பது இன்னும் முடிவாகவில்லை. மாப்பிள்ளைக்குக் கப்பல் வரைபடம் போடும் வேலை. எங்கள் பொலோனியாவில் ஏது கடல்? எனக்குப் புரிந்துவிட்டது. என் ஒரே பெண்ணைக் கொத்திக்கொண்டு போகத்தான் வருகிறாள் அந்தம்மா. விடுவேனா?

அக்டோபர் 17, வெள்ளி

வந்துவிட்டாள். பெயர் இம்மகொலாத்தா. ரயிலடியில் அவள் பெட்டியைத் தூக்கிய என் கணவர் ஒரெஸ்தேவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. திறந்து பார்த்தால் உள்ளே பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர்!

"காப்பிக்கு எங்க ஊர்த் தண்ணிதான் சம்பந்தி. வேற தண்ணில போட்டா கஷாயம் மாதிரி இருக்கும். தப்பா எடுத்துக்காதீங்க."

வேறு எப்படி எடுத்துக்கொள்வதாம்?

அந்தக் காப்பியை ஒரெஸ்தே இரண்டு தரம் வாங்கிக் குடித்தார். துரோகி.

அக்டோபர் 18, சனி

காலையிலேயே மாவு தேய்த்து, நாடாவாக நறுக்கி, மேலே நம் இறைச்சிக் குழம்பு. தட்டைப் பார்த்ததும் சம்பந்தியம்மா கேட்டாள்:

"கறிய ஏன் இப்படிப் பொடிப்பொடியா ஆக்கிட்டீங்க? வீட்ல யாருக்காச்சும் பல்லு இல்லியா?"

மேசைக்கு அடியில் ஜினேவ்ரா என் காலை மிதித்தாள். ஆனால் ஒன்று, அந்தம்மா தட்டை ரொட்டியால் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டாள். கவனித்தேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

எழுத்தெல்லாம் கோணலாக வருகிறது. சிரித்துச் சிரித்து.

காலையில் பெரிய சதுக்கத்துக்குப் போனோம். அங்கே அந்த வளைவு மண்டபம்: ஒரு மூலையில் சுவரைப் பார்த்துக் கிசுகிசுத்தால் எதிர் மூலையில் காதோடு கேட்கும். இந்த ஊரில் பிறந்த எந்தக் குழந்தையும் அங்கே விளையாடாமல் வளர்ந்ததில்லை. ஊர்ப் பெருமையைக் காட்டலாம் என்று நான்தான் அவளை ஒரு மூலையில் நிறுத்தினேன். "அசையாம நில்லுங்க, எதிர்ப்பக்கம் போய்ப் பேசறேன்."

போய் நின்றேன். பின்னாலேயே வந்த ஜினேவ்ரா, "ஏம்மா முகத்தத் தூக்கி வச்சிருக்க?" என்றாள்.

அவ்வளவுதான். இரண்டு நாளாக அடக்கியதெல்லாம் பொங்கிவிட்டது. எந்தச் சுவரின் முன்னால் நிற்கிறேன் என்பதையே மறந்துவிட்டேன் — நான்! இந்த ஊர்க்காரி!

"தண்ணி சுமந்துட்டு வராளாம், தண்ணி! என் கறி பொடியாம்! அதுகூடப் போகட்டும்டி. உன்னையும் கூட்டிட்டுப் போயிட்டா நான் யார்கிட்ட பேசுவேன்? உங்கப்பாகிட்டயா?"

சுவர் பதில் சொன்னது.

"நான் எங்க சம்பந்தி கூட்டிட்டுப் போறது? என் புள்ளல்ல உங்க ஊர்லதான் இருப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். இந்த ஊர்ல ஒரு குறையாச்சும் கண்டுபிடிச்சு அவனத் திருப்பலாம்னுதான் வந்தேன்." பிறகு, "கறி நல்லாத்தான் இருந்துச்சு. வேணும்னே சொன்னேன்."

வெட்கம் பிடுங்கித் தின்றது. கூடவே பாவமாகவும் இருந்தது. அவளுக்கும் என் பயம்தான். மண்டபத்தின் நடுவே போய்க் கட்டிக்கொண்டோம். மூலைக்காகக் காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள்.

மதியம் அவளும் என்னோடு உட்கார்ந்து, மாவுக்குள் கறிப் பூரணம் வைக்கும் தோர்த்தெல்லினி மடித்தாள். சுண்டுவிரல் நுனியில் மடிக்க வேண்டியதைக் கொழுக்கட்டை மாதிரி பிடித்து வைத்திருக்கிறாள்.

"என்னங்க இது?"

"இது பல்லு இருக்கறவங்களுக்கு."

நவம்பர் 30, ஞாயிறு

த்ரியெஸ்தேயாம்! எல்லைக் கோடியில் இருக்கும் அந்த ஊரில் ஒரு கப்பல் கட்டும் தளத்தில் மாப்பிள்ளைக்குப் பெரிய வேலையாம். எங்கள் ஊரும் இல்லை, நேப்பிள்ஸும் இல்லை. ஜினேவ்ரா சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.

கண்ணைத் துடைப்பதற்குள் நேப்பிள்ஸிலிருந்து போன். "கேட்டீங்களா சம்பந்தி அநியாயத்த?" இரண்டு பேருமாகச் சேர்ந்து பிள்ளைகளை ஆசை தீரத் திட்டினோம். மனசு லேசாகிவிட்டது.

டிசம்பர் 3, புதன்

இன்றும் போன். இம்மகொலாத்தாவின் மாடிவீட்டுக்காரி மறுபடியும் வம்புக்கு வந்தாளாம். அவளுக்கு வேறு வேலையே இல்லை.

மே 20, புதன்

கல்யாணம் முடிந்து மூன்று வாரம். ஜினேவ்ரா த்ரியெஸ்தேயிலிருந்து கூப்பிட்டாள். எடுத்த எடுப்பிலேயே சண்டை.

"நாலு நாளா கூப்பிடறேன், எப்பப் பாத்தாலும் லைன் பிஸி! யார்கிட்டம்மா அப்படிப் பேச்சு?"

"உன் மாமியார்கிட்டதான்."

"என்னப் பத்தியா?"

"உன்னப் பத்திப் பேச என்னடி இருக்கு? சரி, வை. அவங்க கூப்பிடற நேரம்."