நெற்றியை மட்டும் காட்டும் மருமகளுக்கு

என் சாம்ராஜ்யத்தின் ஒரே மருமகளே, அக்கா மகளே,

ஒரு மாதமாக ஞாயிறுதோறும் வீடியோ காலில் உன் நெற்றியையும் உன் வீட்டு மின்விசிறியையும் மட்டுமே தரிசித்து வருகிறேன். இரட்டைத் தாடைக்குப் பயந்து ராத்திரிச் சாப்பாட்டையே நிறுத்திவிட்டாய் என்று உன் புருஷன் போட்டுக்கொடுத்தான். உடனே என் தாடையைத் தூக்கிக்கொண்டு தோல் டாக்டரம்மா மீது படையெடுத்தேன். என் தாடைதான் உனக்குத் தெரியுமே, அதன் நிழலில் நாலு குடும்பம் குடியிருக்கலாம்.

டாக்டரம்மா இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தார்.

"பட்டினி கிடந்தா கன்னம்தான் சார் ஒட்டும், இது அவ்வளவு லேசில அசையாது. ஊசி போட்டுக் கரைக்கலாம், கொஞ்ச நாள் வீங்கும். குடும்பத்துல வேற யாருக்காவது இருக்கா?"

பர்ஸிலிருந்த உன் அம்மா படத்தை நீட்டினேன்.

"அக்காவா? அட, இவங்க சிரிச்சா தாடையும் சேர்ந்து சிரிக்குதே!"

உலக மகா வாயாடியான நான் அண்ணாந்து அவர் அறை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊசி போட்டுக்கொள்வது உன் இஷ்டம். யானை, குதிரை, சேனையோடு நானே துணைக்கு வருகிறேன். ஆனால் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். அதற்கு முன் வருகிற ஞாயிற்றுக்கிழமை முகம் முழுசாகத் தெரியும்படி போனைப் பிடி. பிரமாதமான புளுகு ஒன்று தயாராக இருக்கிறது, நீ சிரித்தே ஆகவேண்டும். உன் அம்மா இருந்தவரை அந்தச் சிரிப்பு எனக்குத் தினமும் கிடைத்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில், உன் முகத்தில் மட்டும்தான்.

இப்படிக்கு,
இரு தாடைச் சக்கரவர்த்தி,
உன் மாமன்