கிளிப்பச்சை மீசை

அன்பு மக மீனலோசினிக்கு,

அம்மா எழுதுதேன். இங்கன நானும் அப்பாவும் நல்லா இருக்கோம். நீயும் மாப்பிள்ளையும் அந்த நார்வே பனியில வெறைச்சுப் போகாம சொகமா இருக்கணும்னு கோமதியம்மன்கிட்ட தெனமும் சொல்லுதேன். போன் இருக்கும்போது எதுக்குக் கடுதாசின்னு நெனைப்ப. போன்ல பேசினா உங்க அப்பா ஸ்பீக்கர்ல போடச் சொல்லிட்டுப் பக்கத்துலயே உக்காந்துக்கிடுதாக. இது அவுகளப் பத்தின சமாச்சாரம்லா.

நம்ம தெருவுல ஷிரின் பானுன்னு ஒரு புள்ள மாடியில ஆயில் பெயிண்டிங் கிளாஸ் எடுக்கா. நான் சேர்ந்துட்டேன், சிரிக்காத. ஆள் மொகம் வரையிததுதான் இப்போ பாடம், அதுவும் கோடே கிடையாது, எல்லாம் புள்ளி. வர்ணத்தைக் குழைக்கப்பிடாது, செவப்பு தனி, நீலம் தனியா பக்கத்துல பக்கத்துல வைக்கணும், தள்ளி நின்னு பார்த்தா கண்ணே கலந்துக்கிடுமாம். எண்ணெய் லேசுல காய மாட்டேங்கு, உங்க அப்பா நெத்தி இப்போ என் மூணு சேலையில ஒட்டிக் கெடக்கு. ஆமா, அவுகளத்தான் வரையுதேன். அசையாம உக்கார வேற யாருக்குத் தெரியும், தாலுகா ஆபீஸ்ல முப்பது வருசம் அதைத்தானே செஞ்சாக.

கறுப்பு டியூபைத் தொடவே கூடாதுன்னு ஷிரின் சொன்னதால மீசைக்கு நீலமும் ஊதாவும் அரக்குமா புள்ளி வச்சேன். அப்பாவைப் படத்துக்குக் கைக்கெட்டுத தூரத்துல நிறுத்தி, புள்ளி தெரியுதான்னு கேட்டேன். புள்ளியா, எங்க, போட்டோ கணக்கால்லா இருக்குன்னுட்டாக. எனக்கு ஒரே பெருமை, கிளாஸ்ல போய்ச் சொன்னேன். ஷிரின் சிரிக்கல. அவ்வளவு கிட்டக்க புள்ளி தெரியலைன்னா மொதல்ல அங்கிள் கண்ணைக் காட்டுங்கன்னா. அப்பத்தான் எனக்கு உறைச்சுது. முந்தின வாரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஸ்கூட்டரை நிறுத்தி, தில்லைநாயகம் அண்ணாச்சி சொகமான்னு கும்பிட்டாக. அது அண்ணாச்சிக்கு வச்ச கண்ணீர் அஞ்சலி பேனர். இவுக ஓட்டுத வண்டியில பின்னால உக்காந்து போறவ நான்.

கண்ணைக் காட்டுவோம்னா, என் கண்ணுக்கு என்ன கொறைச்சல்னு பாய்தாக. சரி இருக்கட்டும்னு மீசை பூரா கிளிப்பச்சைப் புள்ளியா வச்சேன். பார்த்துட்டு, இப்பத்தாம்ட்டி எடுப்பா இருக்குன்னாக. அதோட விட்டாகளா, பக்கத்து வீட்டு மாரிசெல்வத்தையும் அவன் பொண்டாட்டி சுகிர்தாவையும் கூட்டிட்டு வந்து நிறுத்திட்டாக. அவ முந்தானையை வாயில திணிச்சுக்கிட்டு ஓடுதா. மாமா, மீசை பச்சையால்லா இருக்குன்னு அவன் சொன்னதும் அப்பா மொகம் செத்துப் போச்சு. எனக்குச் சங்கடமாயிட்டு, இவ்வளவு விளையாடியிருக்கப்பிடாது.

சாயங்காலம் காப்பி குடுக்கப் போனா, கண்ணுல ஊசி போடுவானாமே, அதுக்கப்புறம் ஒண்ணுமே தெரியாமப் போயிட்டா என்னட்டி செய்யன்னு கேட்டாக. கண்ணு மங்குதது ஒரு வருசமாவே தெரியுமாம், பயத்துல மறைச்சிருக்காக. எனக்கு அழுகை வந்துட்டு. நான் கூட இருக்கேன்லான்னு சொல்லி திருநெல்வேலி கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். புரைதான், எடுத்துரலாம்னாங்க. தை பொறந்ததும் பண்ணிக்கிடுதேன்னு ஒத்துக்கிட்டாக. வண்டிச் சாவி அதுவரைக்கும் என் இடுப்புல.

பயந்ததை மகளுக்குச் சொல்லிராதன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காக, அதனால நீ போன்ல ஒண்ணும் தெரியாதவளாப் பேசு. பச்சை மீசையைக் கேட்டுராத. தைக்கு லீவு கெடைச்சா வா, கெடைக்காட்டி வெசனப்படாத. வேளைக்குச் சாப்பிடுங்க, ரெண்டு பேரும் நோய் நொடியில்லாம தீர்க்காயுசா இருங்க.

இப்போ பயம் எனக்குத்தான் மக்கா. உங்க அப்பா என்னைப் பார்த்து, நீ மட்டும் கல்யாணத்தன்னைக்குப் பார்த்த மாதிரியே இருக்கேட்டின்னு ஒரு வருசமா தெனமும் சொல்லிக்கிட்டிருந்தாக. நானும் அதை நம்பிக்கிட்டுல்லா இருந்தேன்.

உன் அம்மா
மாலதி கோமதிநாதன்
சங்கரன்கோவில்