மேல், ஃபீமேல் பெட்டி

அன்புள்ள என் வீட்டு மந்திரியம்மாவுக்கு,

நான் நலம். உன் முட்டிவலி எப்படி? மறைக்காமல் எழுது.

போன வாரம் ஒரு கூத்து. மூளை ஆராய்ச்சிக்கூடத்துக்குக் குழாய் இணைப்புகள் கொண்டுபோனேன். இரண்டு பெட்டிகளில் ‘மேல்’, ‘ஃபீமேல்’ என்று ஒட்டியிருந்தது. குழாய் விற்கிறவனுக்கு வேறென்ன தோன்றும்? உள்ளே நுழைகிற முனை மேல், வாங்கிக்கொள்கிற முனை ஃபீமேல். சரக்கை வைக்க ‘மேல்’ பெட்டியின் கதவைத் திறந்துவிட்டேன்.

“ஐயோ, மூடுங்க! அது ஆம்பளை நியூரான்!” என்று ஓடிவந்தார் ஆராய்ச்சி அம்மா. நல்லவேளை, எதுவும் கெடவில்லை.

மனித மூளைச் செல்களாம். “ரெண்டுக்கும் ஒரே அளவு பெராக்சைடு விடுவோம். இரும்புக்குத் துரு மாதிரி, செல்லை அது அரிக்கும். செல் வளர்க்கற எங்க தட்டுல ஆம்பளை செல் சீக்கிரம் சாகுது, பொம்பளை செல் தாக்குப்பிடிக்குது.”

“எங்க வீட்டுலயும் அப்படித்தாங்க.”

“தட்டுல நடக்கறதை வெச்சு வீட்டைக் கணிக்காதீங்க” என்று சிரித்தார்.

“தாக்குப்பிடிக்குதுன்னா, அதுக்கு அடியே படலையா?”

“அடி ரெண்டுக்கும்தான். இது சாக நாளாகுது, அவ்வளவுதான்.”

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பூட்டிய கடைக்குத் திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கிறேன். உன் பழைய போர்வையை அனுப்பு, துவைக்க வேண்டாம். என் மாத்திரை வேளைகளை உன் கையெழுத்திலேயே எழுதி அனுப்பு.

கடை ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருஷத்துக்குப் புதுப்பிக்கச் சொல்கிறார்கள். போன இரண்டு தடவையும் ‘அவள் சமாளித்துக்கொள்வாள்’ என்று உன்னைக் கேட்காமலே கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவை பேனாவைத் தொடவில்லை. வேண்டாமென்றால் ஒரு வரி எழுது, ஊருக்குக் கிளம்பிவிடுகிறேன்.

சரக்கு வண்டி வந்துவிட்டது, நிறுத்துகிறேன்.

உன் வீட்டுக்காரன்